எழுத்துக் கூட்டத் தெரியாத பிள்ளைக்கு நூலகப் புத்தகம் எதற்கு?

வாசகர் கேள்வி – பதில்

கேள்வி: மகள் ஒன்றாம் வகுப்புப் படிக்கிறாள். அவள் பள்ளியில் மூன்றாம் வகுப்பிலிருந்துதான் நூலகப் புத்தகத்தை வீட்டுக்குக் கொடுக்கிறார்கள். கேட்டால், 'இன்னும் எழுத்தே கூட்டத் தெரியவில்லை, அதற்குள் புத்தகமா?' என்கிறார்கள். அதுவரை காத்திருக்கத்தான் வேண்டுமா?
– ஒரு தாய், கும்பகோணம்

பதில்: வேண்டாம். எல்.கே.ஜி.யிலேயே தொடங்கிவிடலாம். நான்கு, ஐந்து வயதில் பிள்ளை புத்தகம் எடுத்துப் போவது வீட்டில் யாராவது வாசிக்கக் கேட்பதற்குத்தான். மடியில் உட்கார்ந்து கேட்கும்போதே புத்தகத்தை எந்தப் பக்கம் திறப்பது, வரி எங்கே தொடங்கி எங்கே முடிகிறது, படத்தில் இருப்பதற்கும் கீழே அச்சாகியிருப்பதற்கும் என்ன தொடர்பு என்பதெல்லாம் பிடிபட்டுவிடும். இந்தப் பழக்கம் இல்லாமல் மூன்றாம் வகுப்பில் முதன்முதலாகப் புத்தகம் வாங்கும் பிள்ளை, அதையும் ஒரு பாடப்புத்தகமாகத்தான் பார்க்கும்.

தமிழில் இன்னொரு காரணமும் உண்டு. நம் பிள்ளைகள் வீட்டில் 'போயிட்டான்' என்று பேசுகிறார்கள். புத்தகத்தில் 'போய்விட்டான்' என்று இருக்கிறது. எழுத்து நடை காதில் விழுந்து பழகாத பிள்ளைக்கு, எழுத்துக் கூட்டத் தெரிந்த பிறகும் பொருள் சட்டென்று விளங்காது. அதனால் அச்சில் உள்ளபடியே வாசியுங்கள். புரியாத இடத்தில் மட்டும் பேச்சுத் தமிழில் சொல்லிக்கொடுங்கள்.

எந்தப் புத்தகம் என்பதில்தான் பல பள்ளிகள் சறுக்குகின்றன. பொடி எழுத்தில் 64 பக்க நீதிக்கதைத் தொகுப்பைக் கொடுத்துவிட்டு, 'பிள்ளைகளுக்கு ஆர்வமே இல்லை' என்று சொல்வதில் நியாயமில்லை. இந்த வயதுக்கு 16 முதல் 24 பக்கம் போதும். பக்கத்துக்கு ஒன்றிரண்டு வரி, பெரிய எழுத்து, எல்லாப் பக்கத்திலும் படம், திரும்பத் திரும்ப வரும் ஒரு வரி இருந்தால் இன்னும் நல்லது. தமிழக அரசின் வாசிப்பு இயக்கப் புத்தகங்கள் நுழை, நட, ஓடு, பற என்று நான்கு படிநிலைகளாக வந்திருக்கின்றன, 'நுழை'யில் தொடங்குங்கள். பிரதம் புக்ஸ் நடத்தும் ஸ்டோரிவீவர் இணையதளத்திலும் படிநிலை வாரியாகத் தமிழ்க் கதைகள் இலவசமாகக் கிடைக்கின்றன.

வீட்டில் இரவு பத்து நிமிடம் ஒதுக்கினால் போதும். முதலில் படங்களை மட்டும் புரட்டிப் பார்க்க விடுங்கள். பிறகு வரிக்குக் கீழே விரலை ஓட்டியபடி வாசியுங்கள். திரும்ப வரும் வரி வந்ததும் நிறுத்துங்கள், அதை அவளே சொல்வாள். நடுவில் 'இது என்ன எழுத்து?' என்று கேட்காதீர்கள். முடிவில் 'கதையின் நீதி என்ன?' என்றும் கேட்காதீர்கள். இந்த இரண்டு கேள்விகளாலேயே புத்தகத்தைக் கண்டாலே ஓடும் பிள்ளைகள் நிறைய. வாசிக்கத் தெரியாத பாட்டி படத்தைப் பார்த்துக் கதை சொன்னாலும் பலன் உண்டு.

பள்ளியில் மொத்த விதியையும் மாற்றச் சொன்னால் தயங்குவார்கள். ஒரே ஒரு வகுப்பில், ஒரே ஒரு பருவத்துக்குச் செய்து பார்க்கலாமா என்று கேளுங்கள்.

கேள்வி: ஈராசிரியர் பள்ளியில் பணிபுரிகிறேன். புத்தகங்கள் பீரோவில் பூட்டியே இருக்கின்றன. சின்னப் பிள்ளைகளிடம் கொடுத்தால் கிழிந்துவிடும், பொறுப்பு ஒப்படைக்கும்போது கணக்குக் கேட்பார்கள் என்று பயமாக இருக்கிறது. எப்படித் தொடங்குவது?
– ஓர் ஆசிரியை, விழுப்புரம் மாவட்டம்

பதில்: உங்கள் பயம் நியாயமானது. முதலில் தலைமை ஆசிரியரிடம் பேசி, விலை குறைந்த மெல்லிய புத்தகங்களைத் தனியே பிரித்து அவற்றுக்கென ஒரு பட்டியல் போடுங்கள். கெட்டி அட்டைப் புத்தகங்கள் வகுப்பிலேயே பார்ப்பதற்கு இருக்கட்டும். கிழிந்தாலோ தொலைந்தாலோ அன்றே தேதியும் காரணமும் எழுதித் தலைமை ஆசிரியரின் கையெழுத்தை வாங்கிவிடுங்கள். பல மாதம் கழித்து மொத்தமாகக் கணக்குப் பார்க்கும்போதுதான் சிக்கல் வருகிறது.

20 பிள்ளைகள் என்றால் குறைந்தது 30 புத்தகமாவது வெளியே இருக்க வேண்டும். சரிக்குச் சரி வைத்தால் கடைசியில் வரும் பிள்ளைக்குத் தேர்ந்தெடுக்க எதுவும் மிஞ்சாது; அது வாராவாரம் ஒரே பிள்ளையாகவும் போய்விடும். சுவரில் பிள்ளைகளின் கண் மட்டத்துக்குக் கயிறு கட்டி, அட்டைப்படம் தெரியும்படி புத்தகங்களைத் தொங்கவிடுங்கள். முதுகு மட்டும் தெரிய அடுக்கினால் வாசிக்கத் தெரியாத பிள்ளை எதை வைத்து எடுக்கும்?

வாரத்தில் ஒரு நாளை நிலையாக வையுங்கள். வியாழன் என்றால் எல்லா வாரமும் வியாழன். வெள்ளிக்கிழமை கொடுத்தால் இரண்டு நாள் விடுமுறையில் புத்தகம் எங்கே வைத்தோம் என்பதே மறந்துபோகும். ஐந்து ஐந்து பேராக அழையுங்கள், ஆளுக்கு ஒரு புத்தகம். குறிப்பேட்டில் பிள்ளைக்கு ஒரு பக்கம் ஒதுக்கித் தேதி, புத்தக எண், திரும்பிய தேதி மூன்றையும் எழுதினால் போதும். பெயர் எழுதிய துணிப்பை ஒன்று அவசியம்: தண்ணீர் பாட்டிலும் சாப்பாட்டு டப்பாவும் இருக்கும் பைக்குள் புத்தகம் போனால் ஈரமும் எண்ணெயும் நிச்சயம்.

கொண்டுவர மறந்த பிள்ளைக்கு அன்று புத்தகம் இல்லை என்று சொல்லாதீர்கள். வகுப்பில் உட்கார்ந்து பார்க்க ஒன்று கொடுங்கள். அபராதம் கூடவே கூடாது. பத்து ரூபாய்க்குப் பயந்து, 'இனிமேல் வாங்காதே' என்று சொல்லிவிடுவார்கள் வீட்டில்.

கேள்வி: யு.கே.ஜி. படிக்கும் மகன் ஒரே யானைப் புத்தகத்தையே வாராவாரம் எடுத்து வருகிறான். மாற்றச் சொல்லலாமா?
– ஒரு தந்தை, மதுரை

பதில்: விட்டுவிடுங்கள். மனப்பாடமான வரியின்மேல் விரலை வைத்துச் சொல்லிப் பார்ப்பதுதான் அவனுடைய முதல் வாசிப்பு. 'கொ' என்பதில் கொம்பு முன்னாலும் கால் பின்னாலும் நிற்கிறது. புதுச் சொல்லில் அதை 'கெ' என்று தொடங்கித் திணறும் பிள்ளை, தெரிந்த கதையில் சரியாகச் சொல்லிவிடும். இன்னொரு புத்தகத்தை நீங்களே உடன் எடுத்து வந்து வாசித்துக் காட்டுங்கள், அது போதும்.

கேள்வி: பள்ளிப் புத்தகத்தைத் தம்பி கிழித்துவிட்டான், தண்ணீரும் பட்டுவிட்டது. எப்படிச் சரிசெய்வது?
– ஒரு வாசகி, சேலம்

பதில்: சாதாரண செல்லோ டேப் ஒட்டாதீர்கள். நாளாக ஆக அது மஞ்சளாகி உரிந்துவரும், பசைக்கறை தாளிலேயே தங்கிவிடும். மைதாவைத் தண்ணீரில் கரைத்துக் காய்ச்சிய நீர்த்த பசையைக் கிழிந்த ஓரங்களில் லேசாகத் தடவிச் சேர்த்து, மேலே விரல் அகலத்தில் மெல்லிய டிஷ்யூ தாளை ஒட்டுங்கள். இருபுறமும் பிளாஸ்டிக் தாள் வைத்து, கனமான புத்தகங்களுக்கு அடியில் ஓர் இரவு அழுத்துங்கள். நடுவில் பின் அடித்த புத்தகத்தில் தாள் கழன்றிருந்தால், துருப்பிடித்த பின்னை எடுத்துவிட்டு மூன்று துளையிட்டு நூலால் தைப்பது பல வருடம் தாங்கும்.

நனைந்த புத்தகத்தை வெயிலில் போட்டால் தாள் நெளிந்துவிடும். வழவழப்பான தாள் என்றால், மூடியபடி காயவிட்டால் பக்கங்கள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும், பிரிக்கவே முடியாது. உடனே இடையிடையே உறிஞ்சும் தாள் வைத்து மின்விசிறிக்குக் கீழே வையுங்கள். அரை மணிக்கொரு முறை தாளை மாற்றுங்கள். திருப்பிக் கொடுக்கும்போது நடந்ததை ஆசிரியரிடம் பிள்ளையே சொல்லட்டும், நீங்கள் பக்கத்தில் நில்லுங்கள்.