அலுமினியத் தகட்டைச் சூடாக்கிக் காற்றால் ஊதி மட்கார்டு செய்ய முடியுமா?

“பழைய காருக்கு அலுமினிய மட்கார்டு வேண்டும். பிரஸ் இல்லாமல், வெப்பத்தையும் கம்ப்ரசர் காற்றையும் மட்டும் வைத்து கோவையில் ஒரு சிறிய பட்டறையில் இதைச் செய்ய இயலுமா?” என்று கேட்டிருக்கிறீர்கள். கோவை கணபதிப் பகுதியில் டை (உலோகத்துக்கு வடிவம் தரும் அச்சு) செய்யும் பட்டறையில் 18 ஆண்டுகளாக வேலை செய்பவன் என்ற முறையிலும், இதே ஆசையில் ஒருமுறை தகடு கிழித்தவன் என்ற முறையிலும் எழுதுகிறேன். காற்றால் ஊதிச் செய்ய முடியும். பிரஸ் இல்லாமல் முடியாது.

ஒரே முகம் கொண்ட எஃகு டையைச் சூடேற்றி, அதன்மேல் தகட்டை வைத்து, காற்று நுழையும் துளையுள்ள மூடியால் விளிம்பைச் சுற்றிலும் கசிவில்லாமல் இறுக்கிப் பிடித்துக்கொண்டு, மேலிருந்து காற்றைச் செலுத்த வேண்டும். தகடு மெல்லத் தொங்கி, டையின் அடியைத் தொட்டு, ஓரங்களுக்குப் பரவி, கடைசியில்தான் மூலைகளுக்குள் போய் உட்காரும். டைட்டானியம் என்றால் ஆர்கான் வேண்டும். அலுமினியத்துக்கு உலர்ந்த காற்றே போதும்.

அழுத்தக் கணக்குதான் பலருக்கும் பிடிபடுவதில்லை. 500 டிகிரி செல்சியஸில் இந்தத் தகடு சதுர மி.மீ.க்கு சுமார் 5 நியூட்டன் விசையிலேயே இளகி நகரும் என்று வைத்துக்கொண்டால், 1.5 மி.மீ. கனத் தகடு 200 மி.மீ. ஆரமுள்ள குவிமாடமாக உப்புவதற்கு ஒரு பார் (ஏறத்தாழ நம்மைச் சுற்றியுள்ள காற்றின் அழுத்த அளவு) கூடத் தேவையில்லை. ஆனால் அது 0.8 மி.மீ. ஆக மெலிந்தபின் 6 மி.மீ. ஆரமுள்ள மூலையை நிரப்ப ஏறத்தாழ 7 பார் வேண்டும். அதுதான் பெயின்ட் அடிக்கும் கம்ப்ரசரே தருகிறதே என்று தோன்றும். எனக்கும் அப்படித்தான் தோன்றியது. ஒரு சதுர மீட்டர் பரப்பில் 7 பார் என்றால் மூடியை மேலே தள்ளும் விசை 70 டன். அதை அழுத்திப் பிடிக்கத்தான் பிரஸ் வேண்டும். போல்ட்டும் சி-கிளாம்ப்பும் அதற்கு ஈடுகொடுக்கும் என்று நம்பிச் சூடான டையின் அருகில் யாரும் நிற்க வேண்டாம்.

அடுத்தது தகடு. பெரும்பாலும் பயன்படுவது 4 முதல் 4.9 விழுக்காடு மக்னீசியம் கொண்ட 5083 கலவை. ஆனால் அந்த எண்ணை மட்டும் சொல்லி வாங்கினால் கப்பல், டேங்கர் வேலைக்கான சாதாரண வகைதான் கையில் கிடைக்கும். நமக்கு வேண்டியது, ஆலையில் குளிர்நிலையில் கடுமையாக உருட்டப்பட்டு, சூடேறும்போது அதன் உள்ளமைப்பு சுமார் 10 மைக்ரான் (மி.மீ.யில் நூற்றில் ஒரு பங்கு) அளவுள்ள நுண்மணிகளாக, அதாவது சிறு படிகங்களாக, மாறும்படி தயாரித்த வகை. அந்த மணிகள் ஒன்றின்மேல் ஒன்று சறுக்குவதால்தான், குளிர்நிலையில் கால் பங்கு நீள்வதற்குள் கிழிந்துவிடும் உலோகம் மும்மடங்கு நீளம் வரைகூட இழுபடுகிறது.

எங்கள் தகடு அந்த வகையல்ல. அவசரம் வேறு, மூன்றே நிமிடங்களில் 4 பாருக்கு ஏற்றினோம். கேஜ் முள் சடாரென்று பூஜ்யத்துக்கு விழுந்தது. திறந்து பார்த்தால், ஹெட்லைட் குழிவின் மூலையில் விரல் நுழையும் அளவுக்குக் கிழிசல். அதன் ஓரம் பிளேடு போல மெலிந்திருக்க, ஒரு சாண் தள்ளி தகடு தன் பழைய கனத்திலேயே இருந்தது. “ஏனுங்க, பூரி மேல்தோலாட்டம் ஆயிப்போச்சுங்களே” என்றார் எங்கள் ஃபோர்மேன் அண்ணன்.

சரியான தகட்டை நிதானமாக ஊதும்போது இப்படி ஆகாததற்குக் காரணம் உண்டு. மெலியத் தொடங்கும் இடம் மற்ற இடங்களைவிட வேகமாக நீளும்; வேகம் கூடினால் இந்த உலோகத்தின் எதிர்ப்பும் கூடும்; ஆகவே இழுவை தானாகவே பக்கத்து இடத்துக்கு நகர்ந்துவிடும். அழுத்தத்தைப் படிப்படியாக ஏற்றி அரை மணி நேரம்கூடக் காத்திருப்பது இதற்காகத்தான். ஜெனரல் மோட்டார்ஸ் நிறுவனம் வெப்பத்தைச் சற்றுக் குறைத்து இந்த நேரத்தைச் சில நிமிடங்களுக்குச் சுருக்கி, 2004ஆம் ஆண்டின் செவ்ரோலே மாலிபு மேக்ஸ் காரின் பின்கதவை இப்படித்தான் செய்தது. அந்த வேகத்துக்கான கட்டுப்பாட்டுக் கருவிகள் நம் பட்டறைகளில் இருக்காது.

வெப்பத்தை நிறம் பார்த்துச் சொல்லவும் முடியாது. இரும்பு போலன்றி அலுமினியம் உருகும் வரை வெள்ளையாகவே இருக்கும். வெப்பத்தை அளக்கும் தெர்மோகப்பிளை டையின் நான்கு மூலைகளிலும் பொருத்துங்கள். தகடு ஒட்டாமலிருக்க போரான் நைட்ரைடு பூச்சு வேண்டும். டையை வெட்டும்போது சுருக்கத்தையும் சேர்த்துக்கொள்ளுங்கள்: எஃகைவிட அலுமினியம் ஏறத்தாழ இருமடங்கு சுருங்குவதால், 500 டிகிரியில் உருவான பாகம் ஆறியபின் மீட்டருக்கு 5 முதல் 6 மி.மீ. வரை டையைவிடச் சிறியதாக நிற்கும்.

உங்களுக்கு வேண்டியது ஒரு காருக்கு மட்டும் என்றால் டைச் செலவே கட்டுப்படியாகாது. எங்கள் வாடிக்கையாளரின் இரண்டு மட்கார்டுகளையும் கடைசியில் ஒரு டிங்கர் பெரியவர்தான் செய்து தந்தார். மென்மையான அலுமினியத் தகட்டில் பார் சோப்பைத் தேய்த்து, அது கறுக்கும் வரை கேஸ் தீ காட்டி இளக்கி, மணல்மூட்டைமேல் வைத்து மரச்சுத்தியலால் தட்டி, 11 நாட்களில் முடித்தார்.