தும்பிக்கை ஏன் ஒடிந்தது? – வாசகர் கடிதம்

அன்புள்ள ஐயா,

வேலையிலிருந்து ஓய்வு பெற்றபின் மரச்சிற்பம் கற்க ஆசைப்பட்டு, காணொளிகளைப் பார்த்துத் தேக்குக் கட்டையில் ஒரு பிள்ளையார் செதுக்கினேன். முகம் ஓரளவு வந்துவிட்டது. தும்பிக்கை வளைவில் உளியை வைத்துத் தட்டியதும் துண்டாக ஒடிந்துவிட்டது. 60 வயதில் இது கைவருமா? எங்கே போய்க் கற்பது?

ஒரு வாசகர், ஈரோடு

அன்புள்ள நண்பருக்கு,

தாராளமாகக் கைவரும். ஒடிந்ததற்கு உங்கள் வயது காரணமே இல்லை. கட்டையை நிறுத்திவைத்துச் செதுக்கியிருப்பீர்கள். நார் மேலிருந்து கீழாக ஓடியிருக்கும். தும்பிக்கை நேராக இறங்கும் வரை அந்த நார்தான் அதற்குப் பலம். மோதகத்தை நோக்கித் திரும்பும் இடத்தில் நார் குறுக்கே வெட்டுப்பட்டு, விரற்கடை நீளத் துண்டுகளாகிவிடுகிறது. லேசாகத் தட்டினாலும் பிளந்துகொள்ளும்.

நம் பிள்ளையார்களில் தும்பிக்கை பெரும்பாலும் வயிற்றோடு ஒட்டியிருப்பதைக் கவனியுங்கள். அந்த வளைவைப் பின்னாலிருக்கும் மரம் தாங்குகிறது. நீங்களும் அப்படியே விடுங்கள். உடலை விட்டு விலகும் கைகளுக்கு நடுவே கொஞ்சம் மரத்தை இணைப்பாக விட்டுவைத்து, கடைசியில் எடுங்கள். நார் எந்தப் பக்கம் ஓடுகிறது என்று பார்த்த பிறகே கட்டையில் கோடு போட வேண்டும். காணொளிகள் பெரும்பாலும் இதைச் சொல்லாமல் தாண்டிப் போவது எனக்கு ஆற்றாமையாக இருக்கிறது.

அடுத்தது கூர். தேக்கில் மணல்போன்ற சிலிக்கா உண்டு, உளி சீக்கிரம் மழுங்கும். மழுங்கினால் கொட்டாப்புளியால், அதாவது மரச்சுத்தியலால், ஓங்கி அடிக்கத் தோன்றும். மெல்லிய இடங்கள் அந்த அதிர்வைத் தாங்காது. நாருக்குக் குறுக்கே சீவிப் பாருங்கள். வெட்டிய இடம் பளபளக்க வேண்டும். வெளுத்துச் சொரசொரத்தால் மறுபடி தீட்டுங்கள்.

மாமல்லபுரத்தில் 1957இல் தொடங்கிய அரசு சிற்பக் கல்லூரி இருக்கிறது, ஆனால் அது முழுநேரப் பட்டப்படிப்பு. உங்களுக்கு நான் சொல்வது பெரம்பலூர் பக்கத்து அரும்பாவூர், அல்லது கள்ளக்குறிச்சி. இரண்டு ஊர் மரச்சிற்பங்களும் புவிசார் குறியீடு பெற்றவை. ஒரு பட்டறையில் அனுமதி கேட்டு உட்காருங்கள். கட்டையை எப்படித் திருப்பித் திருப்பிப் பார்த்து நிறுத்துகிறார்கள் என்பதை முதலில் பாருங்கள், செதுக்குவதைப் பிறகு பார்க்கலாம்.

அந்தப் பிள்ளையாரைத் தூக்கிப் போட்டுவிடாதீர்கள். ஒடிந்த இடத்தைச் சமமாகச் சீவி, வளைவோடு நார் ஓடும்படி வேறொரு தேக்குத் துண்டை ஒட்டிச் செதுக்கலாம். தேக்கின் எண்ணெய்ப்பசை ஒட்டவிடாது. பசை தடவுவதற்குச் சற்று முன் அசிட்டோனால் துடைத்துக்கொள்ளுங்கள்.