வாங்கி வைத்த வேலைகள்

அன்புள்ள ஐயா,

எனக்கு வயது 38, வங்கியில் வேலை. நொய்யல் பாசனக் குளங்களைப் பற்றி ஒரு புத்தகம் எழுதத் தகவல் சேர்க்கிறேன். மடை திறந்துவிட்ட பெரியவர் ஒருவர் குறிச்சிப் பக்கம் இருக்கிறார், 84 வயது. இன்னும் போய்ப் பார்க்க முடியவில்லை. குடியிருப்புச் சங்கச் செயலாளர் பொறுப்பு, இரண்டு இலக்கிய அமைப்புகளின் வேலை, நண்பர் திருத்தித் தரச் சொன்ன நாவல் (எட்டு மாதமாக என்னிடம்) என்று நாள் போய்விடுகிறது. யார் கேட்டாலும் மறுக்க வராது, அதுதான் என் பலவீனம். காலை நாலு மணிக்கு எழுந்து பார்த்தேன், ஒரு வாரம்கூடத் தாங்கவில்லை. வேலையை விட்டுவிடலாமா? நீங்கள் நேரத்தை எப்படிப் பிரித்துக்கொள்கிறீர்கள்?

எம்., கோவை

அன்புள்ள எம்.,

நாலு மணியை விடுங்கள், அது அவரவர் உடம்பைப் பொறுத்தது. வேலையை விடவேண்டாம். உ.வே.சா. கும்பகோணம் கல்லூரியில் சேர்ந்த அதே 1880இல்தான் சேலம் ராமசாமி முதலியார் அவரைச் சீவக சிந்தாமணியின் பக்கம் திருப்பிவிட்டார். 1887இல் புத்தகம் வந்தது. நடுவில் ஏழு வருஷமும் பாடம் நடத்திக்கொண்டேதான் ஏடுகளைத் தேடினார், ஒப்பிட்டார். பத்துப்பாட்டும் சிலம்பும் புறநானூறும் பதிப்பித்தபோதும் ஆசிரியர்தான். ஓய்வு பெற்றது 1919இல்.

என்னை உறுத்தியது மறுக்க வராது என்ற அந்த வரி. பலவீனம் என்று எழுதிவிட்டு, உள்ளுக்குள் அதை நல்ல குணமாகவே வைத்திருக்கிறீர்கள். கொஞ்ச நாளாக இதே எண்ணம்தான் எனக்கும் ஓடிக்கொண்டிருக்கிறது, அதனால் கடுமையாகவே சொல்கிறேன்.

எங்கள் ஊர் பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் ஒரு டெய்லர் இருந்தார். வாங்கும் ஒவ்வொரு துணியிலும் ஓரத்தில் ஒரு துண்டு வெட்டி, அளவு நோட்டில் பேருக்குப் பக்கத்தில் பின் அடித்து வைப்பார். நோட்டில் அவர் கணக்கு நிறைந்ததும், தீபாவளிக்கு மூன்று வாரம் இருக்கும்போதே, ‘ஆர்டர் முடிந்தது’ என்று சிலேட்டில் எழுதித் தொங்கவிடுவார். மற்ற கடைகளில் கடைசி நாள்வரை வாங்கிப் போட்டுக்கொள்வார்கள். தீபாவளிக்கு முந்தின ராத்திரி அந்தக் கடைகளின் வாசலில் கூட்டம் நிற்கும். உள்ளே சட்டைக்குக் காஜாகூட எடுத்திருக்காது.

ஒரு வருஷம் அப்பா தாமதமாகப் போய்க் கெஞ்சினார். “வேண்டாம் சார், இன்னிக்கே வேற கடையில குடுத்துடுங்க, தம்பிக்குச் சட்டை கெடைச்சிடும்” என்று துணியைக் கையில் திருப்பிக் கொடுத்துவிட்டார். அப்பாவுக்கு வந்த கோபம் எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. மூன்று வாரம் கையில் இருந்ததால் வேறு கடையில் தைத்த சட்டை எனக்குக் கிடைத்ததும் நினைவிருக்கிறது.

உங்கள் நண்பருக்கு நீங்கள் அந்த அவகாசத்தைக் கொடுக்கவில்லை. அன்றைக்கே முடியாது என்றிருந்தால் அவர் வேறு ஆளிடம் கொடுத்திருப்பார், இந்நேரம் நாவல் அச்சுக்குக்கூடப் போயிருக்கும். இரண்டு நிமிஷச் சங்கடத்துக்குப் பயந்து அவருடைய எட்டு மாதத்தை எடுத்து வைத்துக்கொண்டீர்கள். அவர் ஃபோன் செய்யும்போதெல்லாம் ‘பாதி முடிச்சுட்டேன்’ என்றுகூடச் சொல்லியிருப்பீர்கள். கல்யாணப் பத்திரிகை வைக்க வருகிறவரிடம் போகமாட்டோம் என்று தெரிந்தே ‘குடும்பத்தோட வந்துடறோம்’ என்று சொல்லி அனுப்புகிறோமே, அதே பழக்கம். அவர் நம்மை நம்பிச் சாப்பாட்டுக்குச் சொல்லிவைக்கிறார். நமக்கு அன்றைக்கு நல்ல பேர், செலவு அவருக்கு.

நேரம் போதவில்லை என்கிறீர்கள். யாருக்குப் போதுகிறது? எதை விடுகிறோம் என்று வாய்விட்டுச் சொல்லாதவரை எல்லாம் கையில் இருப்பதுபோலத் தோன்றும். நீங்கள் யாருக்கும் முடியாது என்று சொன்னதில்லை என்கிறீர்கள். குறிச்சிப் பெரியவருக்கு மட்டும் தினமும் அதைத்தான் சொல்லிக்கொண்டிருக்கிறீர்கள். அவர் கேட்கவில்லை, வற்புறுத்தவில்லை, அதனால் உங்களுக்கு உறைக்கவில்லை. எந்த மடையை எப்போது திறந்தார்கள், தண்ணீருக்கு யார் யார் சண்டை போட்டார்கள் என்பதெல்லாம் எந்த ஆபீஸ் ஃபைலிலும் முழுதாக இருக்காது. நல்ல வேலை ஒன்றைக் கையில் எடுத்திருக்கிறீர்கள். அது வீணாகிவிடக் கூடாதே என்றுதான் இத்தனை திட்டுகிறேன்.

கைப்பிரதியை நாளைக்கே நேரில் கொண்டுபோய்க் கொடுங்கள். படிக்கவில்லை என்று சொல்லுங்கள். அவர் கோபித்தால் வாங்கிக்கொள்ளுங்கள். சங்கத்துக்கு வேறு செயலாளர் கிடைப்பார். ஞாயிற்றுக்கிழமை குறிச்சிக்குப் போய்விட்டு வந்து எனக்கு எழுதுங்கள்.