நிலவியல் மாணவர்களுடன் ஏரிக்கரையிலிருந்து தொடங்குங்கள்

கேள்வி: சென்னைக் கல்லூரி ஒன்றின் நிலவியல் துறையில் புதிதாகச் சேர்ந்திருக்கிறேன். முதுகலை மாணவர்களுக்கு வரைபட வாசிப்பு, தொலையுணர்வு (செயற்கைக்கோள் படங்களை வாசிப்பது), வேலைக்கான திறன் ஆகிய மூன்றையும் ஒரே பருவத்தில் நடத்தச் சொல்லியிருக்கிறார்கள். எதிலிருந்து தொடங்குவது?

பதில்: மூன்றையும் மூன்று பாடங்களாகப் பிரித்து நடத்தாதீர்கள் என்பதே, இதே பாடத்தைப் பல ஆண்டுகளாக நடத்திவரும் எனது முதல் வேண்டுகோள். நான் அப்படிப் பிரித்து நடத்தியவன்தான். முதலில் டோபோஷீட் என்ற நில அமைப்பு வரைபடத் தாள், பிறகு மென்பொருள், மீதி நாட்களில் நேர்முகத் தேர்வுப் பயிற்சி என்று வகுத்துக்கொண்டதில், மாணவர்கள் ஒவ்வொன்றிலும் மதிப்பெண் வாங்கினார்களே தவிர, "இதை எதை வைத்துச் சொல்கிறாய்?" என்று கேட்டால் விழித்தார்கள். இப்போது அந்த ஒரு கேள்வியைச் சுற்றியே பருவம் முழுவதையும் அமைத்துக்கொள்கிறேன்.

சென்னை மாணவர்களுக்கு வரைபட வாசிப்பில் ஓர் இடைஞ்சல் உண்டு. இந்திய நில அளவைத் துறையின் 1:50,000 டோபோஷீட்டில் 1 சென்டிமீட்டர் என்பது தரையில் 500 மீட்டர். ஒரே உயரமுள்ள இடங்களை இணைக்கும் சமஉயரக் கோடுகள் 20 மீட்டர் உயரத்துக்கு ஒன்றாக வரையப்பட்டிருக்கும். நம் ஊரோ தட்டையான கடற்கரைச் சமவெளி. தாம்பரத்தை உள்ளடக்கிய 66 டி/1 தாளை விரித்தால், பல்லாவரம், திரிசூலம், வண்டலூர்க் குன்றுகளில் கோடுகள் நெருங்கி நிற்குமே ஒழிய, சமவெளியில் விரல் வைத்துத் தேட வேண்டும். கோடு இல்லாத இடத்தில் சரிவை எப்படி அறிவது என்று கேட்டால், வகுப்பில் பெரும்பாலும் மௌனம்தான்.

அங்கேதான் ஏரிகள் கைகொடுக்கின்றன. நம் ஏரிகள் பெரும்பாலும் முழுக்கத் தோண்டியவை அல்ல; சரிவின் குறுக்கே பிறை போலக் கரை எழுப்பி, மேலிருந்து வரும் மழைநீரைத் தேக்கியவை. ஆகவே கரை எந்தப் பக்கம் இருக்கிறதோ, அந்தப் பக்கம்தான் நிலம் தாழ்கிறது. கரையில்லாத, ஒழுங்கற்ற ஓரம் கொண்ட பக்கம் நீர் வந்து சேரும் மேட்டுப் பக்கம். மதகுக்குக் கீழே, ஏரி நீர் பாயும் வயல்களான ஆயக்கட்டு இருக்கும். உபரிநீர் வழியும் கலங்கலிலிருந்து புறப்படும் ஓடையைத் தொடர்ந்து போனால் அடுத்த ஏரி வந்துவிடும். செம்பரம்பாக்கம் ஏரியின் கரை ஏன் கிழக்கே இருக்கிறது என்று கேட்டுப் பாருங்கள். பதில் தெரிந்த மாணவர் ஒரே ஒரு சமஉயரக் கோட்டையும் பார்க்காமல் அந்தப் பகுதியின் சரிவைச் சொல்லிவிடுவார். இதற்கு மட்டும் நான் இரண்டு வாரம் எடுத்துக்கொள்கிறேன். கலங்கல் என்ற சொல்லையே கேள்விப்படாத, ஏரிக்கரையைப் பேருந்து நிறுத்தமாக மட்டும் அறிந்த பிள்ளைகளுக்கு அந்த இரண்டு வாரம் அதிகமில்லை.

நிலவியல் வரைபடத்துக்கு என் கருவி தேய்ந்த ஹவாய் செருப்பு. குதிகால் பட்டுக் குழிந்த இடத்தில் மேல் அடுக்கு தேய்ந்து அடி அடுக்கின் நிறம் வட்டமாகத் தெரியும். கிடைமட்டப் படிவின் வெளிப்பாறை, அதாவது அந்த அடுக்கு தரையில் தலைகாட்டும் பகுதி, ஏன் சமஉயரக் கோட்டுக்கு இணையாக ஓடுகிறது என்பதை இதைவிடச் சுருக்கமாக விளக்க எனக்குத் தெரியவில்லை. செருப்பைச் சாய்த்து வைத்து அரத்தால் தேய்த்தால், டிப், அதாவது அடுக்கின் சாய்வு, மாறும்போது அந்த வட்டம் எப்படி உருமாறுகிறது என்பதையும் காட்டலாம்.

தொலையுணர்வை அதே ஏரிகளைக் கொண்டே தொடங்குகிறேன். சென்டினல்-2 செயற்கைக்கோள் படத்தின் முக்கியமான ஒளிப்பட்டைகளில் ஒரு படப்புள்ளி தரையில் 10 மீட்டர். படங்கள் இலவசமாகக் கிடைக்கின்றன. அவற்றைத் திறந்து பார்க்க உதவும் கியூஜிஐஎஸ் வரைபட மென்பொருளுக்கும் காசு இல்லை. அகச்சிவப்புப் பட்டையைச் சிவப்பாகக் காட்டும் பொய்வண்ணப் படத்தில், தெளிந்த நீர் கருமையாகவும் செழித்த பயிர் சிவப்பாகவும் தெரியும் என்று எல்லோரும் மனப்பாடமாகச் சொல்வார்கள். அப்படிச் சொன்ன ஒரு குழு, ஆகாயத்தாமரை மூடிய ஏரி ஒன்றை வயல் என்று வகைப்படுத்தி, அழகாக வண்ணமும் தீட்டிக் கொண்டுவந்தது. தவறு அவர்களுடையது அல்ல. படத்தைக் கண்ணால் பார்க்கப் பழக்குவதற்கு முன்பே வகைப்படுத்தும் பொத்தானைக் காட்டிக்கொடுத்தவன் நான். டோபோஷீட்டைப் பக்கத்தில் வைத்து, அந்தச் சிவப்புத் திட்டின் ஒரு பக்கம் பிறைபோன்ற கரை இருப்பதைக் காட்டியதும் அவர்களே சிரித்துவிட்டார்கள். அன்றிலிருந்து முதல் மாதம் மென்பொருளில் பார்ப்பதும் அளப்பதும் மட்டுமே; வகைப்படுத்தல் கிடையாது.

இதற்கு நேர்மாறான பயிற்சியும் உண்டு. பல்லாவரத்தைச் சுற்றிலும் மாங்காட்டுக்கு அருகே சிக்கராயபுரத்திலும் உள்ள கல்குவாரிகள் படத்தில் கருமையான நீர்நிலைகளாகத் தெரியும். 2019 வறட்சியில் சிக்கராயபுரக் குவாரி நீரைச் சென்னைக் குடிநீருக்கே எடுத்தார்கள். இவை ஏரிகள் அல்ல என்று எதை வைத்துச் சொல்வது? ஓரங்கள் வெட்டியது போல் நேராக இருக்கின்றன; கரை இல்லை, வரத்துக் கால்வாய் இல்லை, ஆயக்கட்டும் இல்லை. இவ்வளவையும் மாணவர்கள் தாங்களாகக் கண்டுபிடித்த பிறகு பல்லாவரத்துக்கு அழைத்துச் சென்று சார்னோக்கைட் பாறையைத் தொட்டுப் பார்க்கச் செய்யுங்கள். கல்கத்தாவில் கிழக்கிந்தியக் கம்பெனி அதிகாரி ஜாப் சார்னாக்கின் கல்லறையில் பதித்த கல் நம் பக்கத்துப் பாறை என்பதாலேயே நிலவியலாளர் தாமஸ் ஹாலண்ட் அதற்கு அந்தப் பெயரைச் சூட்டினார் என்ற கதையை, அந்த இடத்தில் சொன்னால் மறக்க மாட்டார்கள்.

வேலைக்கான திறன் என்று தனி வகுப்பு நான் வைப்பதில்லை. ஒவ்வொரு பயிற்சிக்கும் அரைப் பக்க அறிக்கை கேட்கிறேன்: கண்டது என்ன, ஊகித்தது என்ன, களத்தில் சரிபார்க்க வேண்டியது என்ன என்று மூன்றையும் கலக்காமல் எழுத வேண்டும். என் மாணவர் ஒருவர், நல்ல மதிப்பெண் பெற்றவர், தனியார் நிறுவன நேர்முகத்தில் தம் ஆய்வேட்டு வரைபடத்தில் இருந்த ஒரு பாறை எல்லையை ஏன் அங்கே வரைந்தார் என்ற கேள்விக்குப் பதில் சொல்ல முடியாமல் திரும்பினார். கண்டதும் ஊகித்ததும் அவருக்கே பிரிந்து தெரியவில்லை. அதைப் பிரிக்க நானும் சொல்லித் தந்திருக்கவில்லை.

தேர்வுகளைப் பொறுத்தவரை, இந்தியப் புவியியல் ஆய்வுத் துறைக்கும் மத்திய நிலத்தடி நீர் வாரியத்துக்கும் ஆள் எடுக்கும் யுபிஎஸ்சி புவி விஞ்ஞானித் தேர்வு, பொதுத்துறை நிறுவனங்களுக்கு உதவும் கேட் தேர்வு இரண்டையும் முதல் பருவத்திலேயே அறிமுகப்படுத்துங்கள். அதற்கு மேல் அவர்களே தேடிக்கொள்வார்கள். டேராடூனில் உள்ள இந்தியத் தொலையுணர்வு நிறுவனம் இணையவழியில் நடத்தும் இலவச வகுப்புகளையும் சொல்லி வையுங்கள்.

ஆனால் சென்னையில் பலருக்கு முதல் சம்பளம் தருவது மெட்ரோ, பாலம், அடுக்குமாடி வேலைகளுக்கான துளைக்கிணற்றுப் பதிவுதான், அதாவது தரையைத் துளைத்து எடுத்த மண்ணையும் பாறையையும் பார்த்துப் பதிவதுதான். அதற்குப் பொங்கல் கழிந்த முதல் வகுப்பில் கரும்பு கொண்டுவரச் சொல்கிறேன். ஒன்றரை மீட்டர் துளைப்பில் கிடைத்த பாறை உருளைகள் போலக் கரும்புத் துண்டுகளைப் பெட்டியில் அடுக்கி, 10 சென்டிமீட்டரும் அதற்கு மேலும் நீளமுள்ளவற்றை மட்டும் கூட்டுவார்கள். 90 சென்டிமீட்டர் வந்தால் பாறைத் தரக் குறியீடு, அதாவது ஆர்க்யூடி, 60 சதவீதம். துளைக்கும்போதோ எடுத்து வைக்கும்போதோ நேர்ந்த முறிவைப் பாறையின் முறிவாகக் கணக்கிடக் கூடாது என்பதால், கணக்கைச் சரிபார்க்கும் முன் ஒவ்வொரு முனையையும் திருப்பிப் பார்க்கச் சொல்கிறேன். யாராவது கடித்துவைத்த துண்டு ஒன்று எப்படியும் அகப்படும்.