டர்பனில் என்ன கிழித்தார்கள்?

கேள்வி: 2011இல் உலக நாடுகள் எல்லாம் நம் தென்னாப்பிரிக்காவின் டர்பனில் கூடி, பூமி சூடாவதைத் தடுப்பது பற்றிப் பேசின. 2022 ஏப்ரல் வெள்ளத்தில் எங்கள் ஊர்க் குடிநீர் நிலையமே நாசமானது. மாதக்கணக்கில் தண்ணீர் லாரிக்குப் பின்னால் வாளியோடு நின்றோம். அந்த மாநாட்டில் என்னதான் கிழித்தார்கள்? – டோங்காட் (டர்பனுக்கு வடக்கே) வாசகர்

பதில்: ஒரு சொல்லுக்காக விடிய விடியச் சண்டை போட்டார்கள். கேலி இல்லை, அதுதான் நடந்தது. வெள்ளிக்கிழமை முடியவேண்டிய மாநாடு ஞாயிறு காலை வரை இழுத்தது. மண்டபத்தின் நடுவே சுற்றி நின்று ஒரே கூட்டம். உள்ளே இந்திய அமைச்சர் ஜெயந்தி நடராஜன் (நம் சென்னைக்காரர்தான்), எதிரே ஐரோப்பிய ஒன்றியத்தின் காலநிலை ஆணையர் கோனி ஹெடெகார். வரப்போகும் ஒப்பந்தம் நாடுகளை எவ்வளவு இறுக்கிக் கட்டும் என்பதில்தான் தகராறு. என்ன எழுதியிருக்கிறது என்றே தெரியாமல் 120 கோடிப் பேரின் பிழைப்பை வைத்து வெற்றுக் காசோலையில் கையெழுத்துப் போடுவதா என்று ஜெயந்தி அதற்கு முன்பே சபையில் கேட்டிருந்தார். நியாயமான கேள்வி. கடைசியில் பிரேசில்காரர் ஒருவர் ‘சட்ட வலிமையுள்ள முடிவு’ என்று ஒரு சொற்றொடரை எடுத்துக் கொடுக்க, இரண்டு பக்கமும் தலையாட்டின.

அதில் ஒரு விஷயம் உண்மையிலேயே மாறியது. அதற்கு முன்பிருந்த கியோட்டோ ஒப்பந்தத்தில் புகையைக் குறைப்பது பணக்கார நாடுகளுக்கு மட்டும்தான் கட்டாயம். டர்பனுக்கு அப்புறம், புதிய ஒப்பந்தம் எல்லோருக்கும் என்று ஆனது. அது 2015இல் பாரிஸில் வந்தது. ஆனால் எவ்வளவு குறைப்பது என்பதை அந்தந்த நாடே எழுதிக்கொள்ளலாம். கல்யாண வீட்டு மொய் நோட்டு மாதிரிதான். குறைத்து எழுதினால் நாலு பேர் முகம் சுளிப்பார்கள். எழுதிவிட்டுக் கொடுக்காமல் போனால் போலீஸ் வராது. டர்பன் மாநாடு முடிந்த மறுநாளே கனடா கியோட்டோவை விட்டு விலகுவதாக அறிவித்தது. யார் என்ன செய்ய முடிந்தது?

சரி, நம் வீட்டுக் கணக்கையும் பார்ப்போம். நம் மின்சாரத்தில் 80 சதவீதத்துக்கு மேல் நிலக்கரி. நாமும் புகை விடுகிறவர்கள்தான், நனைகிறவர்கள் மட்டும் இல்லை. நாம் நிலக்கரியைக் கைவிட 850 கோடி டாலர் தருவதாக 2021இல் கிளாஸ்கோ மாநாட்டில் அமெரிக்காவும் சில பணக்கார நாடுகளும் சொன்னன. பிரித்துப் பார்த்தால் நூறு ரேண்டுக்கு நாலு ரேண்டுதான் மானியம், மீதியில் பெரும்பகுதி கடன். 2025இல் அமெரிக்கா அதிலிருந்தும் கழன்றுகொண்டது.

எனக்கென்னவோ, மாநாட்டு மேடையைவிடச் சுங்கத்துறை வாசல்தான் காரியம் செய்யும் என்று படுகிறது. உள்ளே வரும் இரும்புக்கும் அலுமினியத்துக்கும், அவற்றைச் செய்தபோது வெளியான புகையைக் கணக்கிட்டு 2026 முதல் ஐரோப்பா கட்டணம் விதிக்கிறது. உங்களுக்கு வடக்கே ரிச்சர்ட்ஸ் பேயில் ஒரு பக்கம் நிலக்கரி கப்பலேறுகிறது, இன்னொரு பக்கம் அலுமினியம் உருகுகிறது. அந்தக் கட்டணம் அங்கேதான் சுடும்.

உங்கள் வெள்ளத்துக்கு வருகிறேன். அந்த அளவு மழை முன்பு 40 ஆண்டுக்கு ஒருமுறை வரக்கூடியது, பூமி சூடானதால் இப்போது 20 ஆண்டுக்கு ஒருமுறை என்று விஞ்ஞானிகள் கணக்குப் போட்டார்கள். அந்தப் பங்குக்கு உலகத்தைத் திட்டலாம், நானும் கூட வருகிறேன். உடைந்த நிலையத்தைச் சரிசெய்ய ஏன் அத்தனை மாதம் ஆனது என்று கேட்க மட்டும் பாரிஸ் வரை போகவேண்டாம். அதற்கான நகராட்சிக் கவுண்டர் இங்கேயே இருக்கிறது.