பிரதமரான பின் பட்டம் துறந்த பிரபு: அலெக் டக்ளஸ்-ஹியூம், கேள்வி பதில்

கேள்வி: சார், பிரபு ஒருவர் பிரதமராகக் கூடாது என்று பிரிட்டனில் சட்டம் இருந்ததா?

பதில்: சட்டம் இல்லை. சாலிஸ்பரி பிரபு 1902 வரை நாடாளுமன்றத்தின் மேலவையான பிரபுக்கள் சபையில் இருந்தபடியே பிரதமராக ஆண்டார். ஆனால் 1923இல் பிரபுவான கர்சனை ஒதுக்கி, எம்.பி.யான பால்ட்வினை மன்னர் பிரதமராக அழைத்த பிறகு, பிரதமர் மக்கள் தேர்ந்தெடுக்கும் காமன்ஸ் சபையில்தான் இருக்க வேண்டும் என்பது மரபாகிவிட்டது. ஹியூமுக்குக் குறுக்கே நின்றது அந்த மரபு.

கேள்வி: அவர் முன்பே எம்.பி.யாக இருந்தவர்தானே?

பதில்: ஆமாம். 1931இல் லனார்க் தொகுதியில் வென்றார். 1938இல் பிரதமர் சேம்பர்லினுடன், ஹிட்லரோடு பேச்சு நடந்த மியூனிக் போனார். 1940இல் முதுகெலும்பில் காசநோய். அறுவை சிகிச்சைக்குப் பிறகு ஏறக்குறைய இரண்டு ஆண்டுகள் மாவுக்கட்டில் படுக்கை. 1945இல் தோற்று, 1950இல் மீண்டும் வென்றார். மறு ஆண்டே தந்தை இறந்ததால் 14ஆம் ஹியூம் பிரபு ஆனார். பட்டம் வந்தது, எம்.பி. பதவி போனது.

கேள்வி: பட்டத்தை எப்படித் துறப்பது? விவரமாகச் சொல்லுங்கள் ஐயா.

பதில்: 1963 ஜூலை 31இல் வந்த சட்டம் இதற்கு வழி செய்தது. பரம்பரைப் பட்டம் வந்ததால் காமன்ஸில் உட்கார முடியாமல் போன தொழிற்கட்சிக்காரர் டோனி பென் நடத்திய போராட்டத்தின் பலன் அது. துறப்புப் பத்திரத்தில் கையெழுத்திட்டு லார்டு சான்சலர் என்னும் மூத்த அமைச்சரிடம் கொடுக்க வேண்டும். ஏற்கெனவே பட்டம் வைத்திருந்தவர்களுக்குச் சட்டம் வந்த நாளிலிருந்து 12 மாதம். புதிதாகப் பட்டம் பெறுபவருக்கும் 12 மாதம். எம்.பி.யாக இருக்கும்போது பட்டம் வந்தால், 1999இல் விதி மாறும்வரை, ஒரே மாதம்தான். அதற்குள் துறக்காவிட்டால் எம்.பி. பதவி பறிபோகும் என்று இருந்தது. பலர் தவறாக நினைப்பது ஒன்று: துறந்தால் பட்டம் அழிந்துவிடாது. துறந்தவர் உயிரோடு இருக்கும்வரை அது உறங்கும், பிறகு வாரிசுக்குப் போகும். துறந்தவர் மனம் மாறினாலும் திரும்பப் பெற முடியாது.

ஹியூம் 1963 அக்டோபரில் பிரதமரானார், 23ஆம் தேதி பட்டம் துறந்தார். நவம்பர் தொடக்கத்தில் ஸ்காட்லாந்தின் கின்ராஸ் தொகுதி இடைத்தேர்தலில் வெல்லும்வரை எந்தச் சபையிலும் உறுப்பினராக இல்லாத பிரதமர் அவர். நாடாளுமன்றத்தின் புதிய கூட்டத்தொடர் நவம்பர் 12இல்தான் தொடங்கியது.

கேள்வி: ஒரே ஆண்டில் தோற்றவர்தானே, அவ்வளவு முக்கியமா?

பதில்: 13 ஆண்டு ஆண்ட கன்சர்வேட்டிவ் கட்சி, அமைச்சர் புரொஃபுமோவின் பாலியல் விவகாரத்தின் கறை, அமைச்சரவையில் சேர மறுத்த சொந்தக் கட்சித் தலைவர்கள் மெக்லியோட், பவல். இத்தனைக்கும் நடுவே 1964இல் 304 இடம் பெற்றார், தொழிற்கட்சிக்கு 317. இதைப் படுதோல்வி என்பவர்களோடு எனக்கு உடன்பாடில்லை.

அவர் விட்டுச்சென்ற பெரிய மாற்றம் கட்சிக்குள் நடந்தது. அவரையே தலைவராக்கியது மூடிய அறைக் கலந்தாலோசனை. அந்த முறையை அவரே 1965இல் மாற்றி, எம்.பி.க்கள் வாக்களிக்கும் விதியைக் கொண்டுவந்தார். முதல் சுற்றில் வெல்ல அறுதிப் பெரும்பான்மையோடு, அடுத்தவரைவிட 15 சதவீதம் கூடுதலாகவும் வேண்டும். அதே ஆண்டு அவர் தலைமையிலிருந்து விலகியதும் நடந்த தேர்தலில் ஹீத் 150 வாக்கு, மோட்லிங் 133, பவல் 15. விதிப்படி ஹீத்துக்கு அது போதவில்லை. மோட்லிங் விலகியதால் முடிவானது.

கேள்வி: அதன் பிறகு?

பதில்: பிரதமர் ஹீத்தின் கீழ் 1970 முதல் 1974 வரை வெளியுறவு அமைச்சர். 1971இல் 105 சோவியத் அதிகாரிகளை உளவுக் குற்றச்சாட்டில் வெளியேற்றினார். 1974இல் பிரபுக்கள் சபைக்குத் திரும்பினார், ஆனால் வாரிசுக்குப் போகாத ஆயுட்காலப் பட்டத்தோடு. பரம்பரைப் பட்டம் 1995இல் அவர் இறந்ததும் மகன் டேவிட்டுக்குப் போனது. அவர் 15ஆம் பிரபு ஆனார்.