‘முழுப் பொறுப்பும் எங்களுடையது’ என்று காண்ட்ராக்டர் எழுதிக்கொடுத்தால் போதுமா?

கேள்வி: அம்பாசமுத்திரம் பக்கம் புழுங்கல் அரிசி மில் நடத்துகிறோம். எங்கள் ஆட்கள் 24 பேர். கார் நெல் வரத்து குறைந்ததும் மில்லைப் பத்து நாள் நிறுத்தி, ஐப்பசி மழைக்கு முன்னால் பராமரிப்பு வேலைகளை முடிக்க வேண்டும். ஆடிக் காற்றில் உடைந்த ஆஸ்பெஸ்டாஸ் ஷீட்டுகளை மாற்றுவது, எலிவேட்டர் பெல்ட் மாற்றுவது, நெல் ஊறவைத்த தண்ணீர் போகும் கழிவுத் தொட்டியைத் தூர்வாருவது ஆகியவைதான் வேலை. முதல் காண்ட்ராக்டர் 1,80,000 ரூபாய் சொல்கிறார். ஏழு ஆட்களோடு வருவார். ‘எந்த விபத்து நடந்தாலும் முழுப் பொறுப்பும் எங்களுடையது அண்ணாச்சி, ஸ்டாம்ப் பேப்பரில் எழுதித் தருகிறேன். செப்டிக் டேங்கையும் அப்படியே சுத்தம் பண்ணிடுவோம்’ என்கிறார். இன்னொருவர் 2,65,000 கேட்கிறார். சாரம், சேஃப்டி பெல்ட், கேஸ் மீட்டர் (தொட்டியில் உள்ள வாயுவைச் சோதிக்கும் கருவி) என்று தனித்தனியாக விலை போட்டிருக்கிறார். என் மைத்துனர் முதலாமவரே போதும் என்கிறார். அந்தப் பேப்பர் எங்களைக் காப்பாற்றுமா?

பதில்: காப்பாற்றாது. அந்தப் பேப்பர் உங்களுக்கும் காண்ட்ராக்டருக்கும் இடையில் மட்டும் செல்லும். விழுந்தவரின் மனைவியையோ இன்ஸ்பெக்டரையோ போலீஸையோ அது கட்டுப்படுத்தாது.

முதலில் பணத்தைப் பார்ப்போம். காண்ட்ராக்டரின் ஆட்களில் ஈ.எஸ்.ஐ.-யில் (தொழிலாளர் அரசுக் காப்பீடு) வராத ஒருவர் உங்கள் மில்லில் வேலை செய்யும்போது இறந்துபோனால், இழப்பீட்டை அவர் குடும்பம் காண்ட்ராக்டரிடமும் கேட்கலாம், உங்களிடமும் கேட்கலாம். 1923-ஆம் ஆண்டுத் தொழிலாளர் இழப்பீட்டுச் சட்டத்திலேயே இருந்த ஏற்பாடு இது. இப்போதைய சமூகப் பாதுகாப்புச் சட்டத் தொகுப்பிலும் தொடர்கிறது. உங்களிடம் வாங்கிவிட்டால், அதைக் காண்ட்ராக்டரிடம் வசூலிக்கும் உரிமை உங்களுக்கு உண்டு. ஸ்டாம்ப் பேப்பர் உதவுவது அந்த இடத்தில்தான். ஆனால் வசூலிக்க அவரிடம் என்ன இருக்கிறது என்று யோசியுங்கள். 30 வயதுக்காரர் இறந்தால், மாத ஊதியம் 15,000 என்ற உச்சவரம்பில் பாதியான 7,500-ஐ வயதுக்குரிய காரணியான 207.98-ஆல் பெருக்க வேண்டும். 15,59,850 ரூபாய் வருகிறது. ஒரு மாதத்துக்குள் கட்டாவிட்டால் 12 சதவீத வட்டியும் சேரும். நீங்கள் மிச்சம் பிடிக்க நினைப்பது 85,000.

‘பராமரிப்பு எங்கள் தொழிலே இல்லை, எங்கள் தொழில் அரிசி அரைப்பது’ என்று வாதாட ஓர் இடம் இருக்கிறது. வழக்கமான தொழிலின் பகுதியாக உள்ள வேலையைக் காண்ட்ராக்ட் விட்டால்தான் இந்தப் பொறுப்பு வரும் என்பதால் சிலர் அப்படி வாதாடுகிறார்கள். எலிவேட்டர் ஓடாமல் மில் ஓடாது. அந்த வாதத்தை நம்பி நான் யாரையும் கூரையில் ஏற்றச் சொல்ல மாட்டேன்.

அடுத்தது தண்டனை. 2025 நவம்பர் 21 முதல் நான்கு தொழிலாளர் சட்டத் தொகுப்புகள் நடைமுறைக்கு வந்துவிட்டன. பழைய விதிகளும் முரண்படாத அளவுக்குத் தொடர்கின்றன. மின்சாரத்தில் ஓடும் ஆலையில் 20 பேர் இருந்தால் இப்போது அது தொழிற்சாலை. நீங்கள் 24 பேர் வைத்திருக்கிறீர்கள். பணியிடத்தில் உங்களுக்குத் தெரிந்தோ தெரியாமலோ இருக்கிற எல்லாருடைய பாதுகாப்புக்கும் வேலையளிப்பவர் பொறுப்பு என்று அந்த நான்கில் ஒன்றான பணிப் பாதுகாப்புத் தொகுப்பு சொல்கிறது. கடமை தவறியதால் உயிர் போனால் 2 ஆண்டு வரை சிறை, அல்லது குறைந்தது 5 லட்சம் அபராதம், அல்லது இரண்டும். போலீஸ் தனியாக பாரதிய நியாய சன்ஹிதா என்ற தண்டனைச் சட்டத்தின் 106-ஆம் பிரிவில் (கவனக்குறைவால் மரணம் விளைவித்தல்) வழக்குப் போட்டால் 5 ஆண்டு வரை சிறைக்கு இடமுண்டு. இவற்றில் எதையும் ஒப்பந்தம் போட்டு இன்னொருவர் தலையில் ஏற்ற முடியாது.

‘50 ஆளுக்குக் கீழே லைசென்ஸ் தேவையில்லை’ என்று காண்ட்ராக்டர் சொல்லலாம். ஒப்பந்தத் தொழிலாளர் லைசென்ஸைப் பொறுத்தவரை அது சரிதான். பாதுகாப்புக் கடமைக்கு ஆள் கணக்கில் அப்படி ஒரு விலக்கு கிடையாது.

சரி, யாரைத் தேர்ந்தெடுப்பது? இரண்டு பேரையும் மில்லுக்குக் கூப்பிட்டு, பேப்பரை ஓரமாக வைத்துவிட்டு, எலிவேட்டர் முன்னால் நிறுத்தி ஒரு கேள்வி கேளுங்கள். ‘உங்கள் ஆள் உள்ளே கையை விட்டிருக்கும்போது, தெரியாமல் யாராவது சுவிட்சைப் போட்டால் என்ன செய்வீர்கள்?’ ‘பக்கத்தில ஒரு பையனை நிறுத்துவோம்’ என்று பதில் வந்தால், பையன் டீ குடிக்கப் போகும் நேரத்தை நினைத்துப் பாருங்கள். தொழில் தெரிந்தவர் வேறு மாதிரி சொல்வார். மெயினை அணைத்து, ஃபியூஸ் கட்டைகளை உருவித் தன் பையில் போட்டுக்கொள்வார். சுவிட்சுக்குப் பூட்டு போட்டு, பெயரும் நேரமும் எழுதிய அட்டையைத் தொங்கவிடுவார். அப்புறம் ஸ்டார்ட்டரை ஒரு தடவை அமுக்கிப் பார்த்து, ஓடவில்லை என்று உறுதி செய்துகொண்டுதான் ஆளை விடுவார். வேலை முடியும்வரை சாவி அவரிடமே இருக்கும். இதை அவர் கேட்காமலே சொல்கிறாரா என்று கவனியுங்கள்.

கூரைக்கும் அப்படித்தான். ஆஸ்பெஸ்டாஸ் ஷீட் மனிதன் எடையைத் தாங்காது, அதிலும் வெயிலில் காய்ந்த பழைய ஷீட். எந்தப் பலகை மேல் நடப்பார்கள், பெல்ட்டின் கொக்கியை எதில் மாட்டுவார்கள் என்று கேளுங்கள். இடுப்பில் பெல்ட் கட்டிக்கொண்டு கொக்கியைத் தொங்கவிட்டு நடப்பவரைத்தான் பல இடங்களில் பார்க்கிறோம். காற்று வீசும் நாளில் ஷீட்டைத் தூக்க மாட்டோம் என்பதையும் ஒப்பந்தத்தில் எழுதச் சொல்லுங்கள்.

உங்கள் கடிதத்தில் எனக்கு அதிகக் கவலை தந்தது அந்தக் கழிவுத் தொட்டிதான். நெல் ஊறிய தண்ணீர் தேங்கிப் புளிக்கும்போது ஹைட்ரஜன் சல்ஃபைடு, மீத்தேன் போன்ற வாயுக்கள் உண்டாகும். ஹைட்ரஜன் சல்ஃபைடு அதிகமாக இருந்தால் மூக்கு அதன் நாற்றத்தையே உணராமல் போய்விடும். உள்ளே இறங்கியவர் மயங்கி விழ, அவரைத் தூக்கப் போனவரும் விழுவதுதான் இத்தகைய தொட்டிகளில் திரும்பத் திரும்ப நடக்கிறது. 1948-ஆம் ஆண்டுத் தொழிற்சாலைகள் சட்டத்தின் 36, 36ஏ பிரிவுகள் இதற்கென்றே நெடுங்காலமாக ஓர் ஒழுங்கை வைத்திருந்தன; நீங்கள் இன்றைக்கும் பின்பற்ற வேண்டியது அதைத்தான். தகுதியுள்ள ஒருவர் தானே சோதித்து, ஆபத்தான வாயு இல்லை என்று எழுத்தில் சான்று தர வேண்டும். இல்லாவிட்டால் இறங்குபவர் சுவாசக் கருவி அணிந்து, பெல்ட்டில் கட்டிய கயிற்றின் மறுமுனையை வெளியே ஒருவர் பிடித்திருக்க வேண்டும். உள்ளே கொண்டுபோகும் கை விளக்கு 24 வோல்ட்டுக்கு மேல் கூடாது. ஒயரில் பல்பு ஹோல்டரைக் கட்டித் தொட்டிக்குள் தொங்கவிடும் பழக்கம் நம் ஊர் மில்களில் இருக்கிறது. உங்கள் மில்லில் இருந்தால் இன்றைக்கே அதை எடுத்துவிடுங்கள்.

இரண்டாமவர் கேஸ் மீட்டருக்குத் தனி விலை போட்டிருப்பது எனக்குப் பிடித்திருக்கிறது. அவரிடம் பேரம் பேசுங்கள், தப்பில்லை. ஆனால் அந்த வரிகளில் கை வைக்காமல் மற்றவற்றில் பேசுங்கள்.

ஒப்பந்தத்தில் என்ன வேண்டும்? வேலையை வேறு ஆளிடம் கைமாற்றி விடக் கூடாது. வரும் ஒவ்வொருவரின் பெயர், வயது, ஈ.எஸ்.ஐ. எண் முன்கூட்டியே உங்கள் கைக்கு வர வேண்டும். மாதம் 21,000-க்கு மேல் வாங்குவதால் ஈ.எஸ்.ஐ.-யில் வராதவர்களுக்கு, வேலை நடக்கும் நாட்களையும் உங்கள் மில்லையும் குறிப்பிட்ட தொழிலாளர் இழப்பீட்டு இன்சூரன்ஸ் இருக்க வேண்டும். பாலிசி நகலை வாங்கித் தேதியைப் படியுங்கள். ஈ.எஸ்.ஐ. பங்கை அவர் கட்டாவிட்டால் நீங்கள்தான் கட்ட வேண்டும். அதை அவர் பில்லில் பிடித்துக்கொள்ளலாம். அதனால் பில்லில் கூலியும் சாமான் விலையும் தனித்தனியாக இருக்கட்டும்.

எல்லாவற்றுக்கும் மேலாக ஒரு வரி: ஆபத்து என்று கண்டால் அந்த நிமிடமே வேலையை நிறுத்தச் சொல்லும் உரிமை உங்களுக்கு உண்டு, நின்ற நேரத்துக்குக் கூடுதல் பணம் கிடையாது. ‘நான் தலையிட்டால் அவர் ஆட்கள் என் ஆட்கள் ஆகிவிடுவார்களே’ என்று சில முதலாளிகள் பயப்படுகிறார்கள். பாதுகாப்புக்காக நிறுத்துவது மட்டுமே அப்படி ஆக்கிவிடாது. யாரை வேலைக்கு எடுப்பது, யாருக்கு எவ்வளவு கூலி என்பதில் நுழையாமல், சொல்ல வேண்டியதை அவருடைய மேற்பார்வையாளரிடம் சொல்லுங்கள்.

கடைசியாக அந்த செப்டிக் டேங்க். உரிய கருவிகளும் ஏற்பாடுகளும் இல்லாமல் அதற்குள் ஆளை இறக்குவது, கையால் மலம் அள்ளுவதைத் தடை செய்யும் 2013-ஆம் ஆண்டுச் சட்டப்படி குற்றம். முதல் தடவைக்கே 2 ஆண்டு வரை சிறையோ 2 லட்சம் வரை அபராதமோ இரண்டுமோ விதிக்கலாம். சாக்கடை மரணங்களுக்கான இழப்பீட்டை உச்ச நீதிமன்றம் 2023 அக்டோபரில் 30 லட்சமாக உயர்த்தியிருக்கிறது. யாரை வேலைக்கு வைத்தாலும் அந்த வரியை அடித்துவிட்டு, லைசென்ஸ் உள்ள கழிவுநீர் லாரியை வரவழைத்து உறிஞ்சி எடுக்கச் சொல்லுங்கள்.